சயாம் காட்டில் எண்ணப்படாத ஜனங்கள்



எஸ்றாவின் புத்தகம் 2-ம் அதிகாரத்தை நம்மில் எத்தனை பேர் தாண்டாமல் வாசிக்கிறோம்? முதலாம் அதிகாரத்தில் கோரேஸ் ராஜா கட்டளை கொடுக்கிறான், ஜனங்கள் எழும்புகிறார்கள், நமக்கும் உற்சாகமாயிருக்கிறது. மூன்றாம் அதிகாரத்தில் பலிபீடம் கட்டுகிறார்கள், அஸ்திபாரம் போடுகிறார்கள். நடுவில் இருக்கிற இந்த 2-ம் அதிகாரம் வெறும் பெயரும் தொகையுமாக இருக்கிறது. பாரோஷ் வீட்டார் இத்தனை பேர், பெத்லெகேம் ஊரார் 123 பேர் என்று போய்க்கொண்டே இருக்கும். குடும்ப ஜெபத்தில் இந்தப் பகுதி வந்தால், "பேரெல்லாம் வாயில நுழையல" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

ஆனால் கவனியுங்கள். இது சிறையிருப்பிலிருந்து உயிரோடே திரும்பினவர்களின் பட்டியல். மொத்தத் தொகை 42,360. வேலைக்காரர், வேலைக்காரிகள் 7,337. ஒட்டகம் 435, கழுதை 6,720 வரைக்கும் எழுதி வைத்திருக்கிறான். எரேமியாவின் கடைசி அதிகாரத்துக்குப் போனால் அங்கே பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் கணக்கு இருக்கிறது. ஒரு தடவை 3,023 பேர், இன்னொரு தடவை 832, பிறகு 745, ஆக 4,600. போனவர்களுக்கும் கணக்கு உண்டு, வந்தவர்களுக்கும் கணக்கு உண்டு.

நம்முடைய தமிழ் ஜனங்களுக்கும் ஒரு சிறையிருப்பு இருந்தது. அது பாபிலோன் காலத்தில் அல்ல, நம்முடைய தாத்தா பாட்டி காலத்தில். போனவர்களுக்கு நம் கையில் ஒழுங்கான பட்டியல் இல்லை. வந்தவர்களுக்கும் இல்லை. சயாம் மரண ரயில் என்று பெரியவர்கள் சொல்லுவார்களே, அதைத்தான் சொல்கிறேன். இந்தப் பாடத்தைத் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வேதபாட வகுப்பில் பேசினேன். கேட்டவர்கள் "எழுத்தில் கொடுங்கள் ஐயா" என்றார்கள். ஆகையால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாயிருக்கும், பொறுமையாய் வாசியுங்கள்.

எப்படிப் போனார்கள்?

அந்தக் காலத்தில் நம்முடைய பகுதி தென்னாற்காடு ஜில்லா. விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993-ல்தான். தென்னாற்காடு, வடாற்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆட்கள் போனார்கள். அவர்களில் அநேகர் சொந்த நிலம் இல்லாத கூலி ஜனங்கள். ஊரில் மழை பொய்த்த வருஷம், கடன் கழுத்தை நெரித்த வருஷம், கங்காணி வருவான். வெள்ளை வேட்டி, குடை, கையில் முன்பணம். "அங்கே பால் மரம் இருக்கு, வெட்டினா காசு" என்பான். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏற வேண்டும். பினாங்கு போய் இறங்க வேண்டும். 1938-ல் இந்திய அரசு இப்படிக் கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் லட்சக்கணக்கான தமிழர் அங்கே குடியேறிவிட்டார்கள்.

1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியப் படை மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. எழுபதே நாள்! தோட்டத்துத் துரைமார் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள், ஓடாதவர்கள் கைதியானார்கள். ரப்பரை வாங்க மேல்நாட்டான் இல்லை, பர்மா அரிசிக் கப்பல் இல்லை. தோட்டத்து லயங்களில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜப்பானியருக்கு அப்போது ஒரு பெரிய தேவை இருந்தது. பர்மாவில் சண்டை போடுகிற தங்கள் சேனைக்கு அரிசியும் வெடிமருந்தும் போக வேண்டும். கடல் வழியாக அனுப்பினால் நீர்மூழ்கிக் கப்பல்கள் மூழ்கடித்துவிடுகின்றன. ஆகவே சயாம் தேசத்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரைக்கும், மலையையும் காட்டையும் அறுத்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். இதே வழியை முன்னே வெள்ளைக்காரர் அளந்து பார்த்து, வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். 415 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு? நம்முடைய விழுப்புரம் ஜங்ஷனில் ஏறினால் திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர் எல்லாம் தாண்டி ஏறக்குறைய கோவில்பட்டி வரை போகிற தூரம். அதுவும் மீட்டர்கேஜ் பாதைதான். விழுப்புரத்தில் பல தலைமுறை பார்த்துப் பழகின அதே அகலம். மலேயாவிலும் பர்மாவிலும் ஜாவாவிலும் இருந்த தண்டவாளங்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து அங்கே போட்டார்கள்.

யுத்தக் கைதிகளான பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்க சிப்பாய்கள் 60,000-க்கும் மேற்பட்டவர்களை முதலில் கொண்டுபோனார்கள். அது போதவில்லை. 1943-ன் ஆரம்பத்திலிருந்து தோட்டங்களின் பக்கம் திரும்பினார்கள். "ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், மூணே மாசம், குடும்பத்தோட வரலாம்" என்று அறிக்கை கொடுத்தார்கள். சிலர் பசியினால் தாங்களாகவே போனார்கள். போதாததற்குத் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கேட்டார்கள். கிராணியும் கங்காணியும் பெயர் கொடுத்தார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டு, உள்ளே போனவர்களைக் கதவடைத்து லாரியில் ஏற்றினதும் நடந்தது. பிடிபடாமல் இருப்பதற்காகவே நேதாஜியின் சேனையில் சேர்ந்தவர்களும் உண்டு.

யாத்திராகமம் 5-ம் அதிகாரத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பார்வோனின் ஆளோட்டிகள் மேலே இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே இஸ்ரவேலரிலேயே தலைவர்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள். செங்கல் குறைந்தால் அந்தத் தலைவர்களுக்கு அடி விழும். ஆகவே அவர்கள் தங்கள் சொந்த ஜனத்தை விரட்டினார்கள். தோட்டத்திலும் இதே ஏற்பாடுதான். பெயர் கொடுத்த கிராணியை மட்டும் திட்டிவிட்டு நாம் போய்விட முடியாது. பெயர் கொடுக்காவிட்டால் அவன் பெயரே போயிருக்கும்.

காட்டில் நடந்தது

நாலைந்து நாள் இரும்பு கூட்ஸ் வண்டியில் அடைத்துக் கொண்டுபோனார்கள். பகலில் தகரம் அடுப்பாய்க் காயும், ராத்திரியில் குளிரும். இறங்கின இடத்திலிருந்து நடை. சிலருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலும் நடை, அதுவும் மழையில், கைக்குழந்தைகளோடு. போய்ச் சேர்ந்தால் மூங்கிலும் அத்தாப்பும் வைத்துக் கட்டின கொட்டகை. சிலவற்றில் கூரையே கிடையாது.

1943-ல் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்துக்குள் பாதை முடிய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. "ஸ்பீடோ, ஸ்பீடோ" என்று காவலர் கத்துவதையே கைதிகள் அந்தக் காலத்துக்குப் பெயராக வைத்தார்கள். பாறையைச் சம்மட்டியாலும் உளியாலும் துளைத்து வெடி வைத்து, உடைந்த கல்லைக் கூடையில் சுமந்து கொட்ட வேண்டும். கொன்யு என்ற இடத்தில் மலையைப் பிளந்த வேலை ராத்திரியும் நடந்தது. மூங்கில் தீவட்டி வெளிச்சத்தில் எலும்புக்கூடுகளாய் மனுஷர் வேலை செய்ததைப் பார்த்து, அதற்கு நரகாக்கினிக் கணவாய் என்று கைதிகளே பெயரிட்டார்கள். அங்கே ஆஸ்திரேலியரும் ஆங்கிலேயரும் மட்டுமல்ல, தமிழரும் உளி பிடித்தார்கள்.

மே மாதத்தில் காலரா வந்தது. நிக்கே, சொங்குராய் முகாம்கள் பக்கம் ஆற்றுத் தண்ணீரில் அது இறங்கி வந்தது. காலையில் வேலைக்குப் போனவன் ராத்திரிக்குள் போய்விடுவான். காலராவோடே சீதபேதி, மலேரியா, பெரிபெரி. இவற்றோடு காட்டுப் புண்ணும். மூங்கில் முள் கீறினால் போதும், எலும்பு தெரிகிற அளவு சதை அழுகும். கைதிகளாயிருந்த டாக்டர்கள் கூர் தீட்டின கரண்டியால் அந்த அழுகலைச் சுரண்டி எடுத்தார்கள். மயக்க மருந்து கிடையாது.

பெரிபெரியைப் பற்றி நம் ஊர் தாய்மார் அறிய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. 1905 வாக்கில் கோலாலம்பூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பிளெட்சர் என்கிற டாக்டர் ஒரு சோதனை செய்தார். ஒரு பாதிப் பேருக்குத் தீட்டின பச்சரிசி, மறுபாதிப் பேருக்குப் புழுங்கலரிசி கொடுத்தார். பச்சரிசி சாப்பிட்டவர்களுக்குப் பெரிபெரி வந்தது. புழுங்கல் சாப்பிட்டவர்களுக்கு வரவில்லை. மலேயாவில் சீனத் தொழிலாளருக்கு அந்த நோய் வந்து, பக்கத்திலேயே வேலை செய்த தமிழருக்கு வராததற்கு இதுதான் காரணம். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்தது எவ்வளவு பெரிய வைத்தியம் பாருங்கள்! சயாம் காட்டில் அந்தப் புழுங்கல் இல்லை. கிடைத்தது தீட்டின வெள்ளை அரிசி, அதுவும் புழுத்தது, கூடக் கொஞ்சம் உப்புக் கருவாடு. தமிழனைக் காத்து வந்த வேலி அங்கே விழுந்துபோயிற்று. கைதி டாக்டர்களோ எங்கேயாவது தவிடு கிடைக்குமா என்று தேடி, கிடைத்ததை மருந்தாக ஊட்டினார்கள்.

1943 அக்டோபர் 17-ல் சயாம் பக்கத்திலிருந்து வந்த தண்டவாளமும் பர்மா பக்கத்திலிருந்து வந்த தண்டவாளமும் கொன்கொய்தாவில் சேர்ந்தன. 600-க்கும் மேற்பட்ட பாலங்களோடு, 16 மாதத்துக்குள் வேலை முடிந்தது.

கணக்கு

யுத்தக் கைதிகளில் இறந்தவர்கள் 12,000-க்கும் அதிகம். ஐந்து பேரில் ஒருவர். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் என்று ஆசியத் தொழிலாளர் குறைந்தது 1,80,000 பேர் போனார்கள். அவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்று சரித்திரக்காரர் கணக்கிடுகிறார்கள். இரண்டு பேரில் ஒருவர் என்று சொன்னால் அதிகம் தப்பில்லை. மலேயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் மிகுதியானவர்கள் தமிழர்.

ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டைக்கும் ஒரு உயிர் என்று சில பிரசங்கிமார் சொல்லுவதைக் கேட்டிருப்பீர்கள். திண்டிவனம் வகுப்பில் ஒரு பெரியவர், ரயில்வேயில் கேங்மேனாயிருந்து ரிடையர் ஆனவர், கையைத் தூக்கினார். "அது சரிப்படாதுங்க ஐயா. மீட்டருக்கு ஒரு கட்டைக்கு மேலயே வரும். 415 கிலோமீட்டருக்கு நாலு லட்சம் கட்டைக்கு மேல போகும். அவ்ளோ பேர் சாகலியே" என்றார். சரியான பேச்சு! துக்கத்தைப் பெரிதாக்கிக் காட்ட நமக்கு அவசியமில்லை. உள்ள கணக்கே போதும். கைதிகளும் தொழிலாளருமாக இறந்த 1,02,000 பேரை 415-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 245 பேர். திண்டிவனத்திலிருந்து மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரம் வரை சுமார் 37 கிலோமீட்டர். அந்த ஒரு துண்டுக்கு மாத்திரம் ஒன்பதாயிரம் பேர். அடுத்த தடவை அந்தப் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எண்ணிப் பாருங்கள்.

ஒரே காடு, ஒரே மழை, ஒரே காலரா. அப்படியானால் ஏன் ஒரு கூட்டத்தில் ஐந்தில் ஒருவரும் மறு கூட்டத்தில் இரண்டில் ஒருவரும் போனார்கள்? நான் இந்தப் பாடத்தை எடுத்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

கைதிகள் ஒவ்வொரு காலையும் வரிசையில் நின்று எண்ணப்பட்டார்கள். ஜப்பானியன் எண்ணினான், அவர்களுடைய சொந்த அதிகாரிகளும் எண்ணினார்கள். ஒருவன் குறைந்தால் எங்கே என்ற கேள்வி வந்தது. அவர்களுக்குள் டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது, சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்காமல் சோறு வாங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னால் அது உத்தரவு. காலரா வந்தவனுக்கு ஆற்று நீரைக் காய்ச்சி வடித்து, கல்லுப்புக் கலந்து, மூங்கில் குழாய் வழியாக நரம்பில் ஏற்றினார்கள். வியாதிக்காரனை வேலைக்கு இழுக்க வந்தபோது டன்லப் என்கிற ஆஸ்திரேலிய டாக்டர் நடுவில் நின்று அடிபட்டார்.

நம்முடைய ஜனத்துக்கு இதில் ஒன்றும் இல்லை. வேறு வேறு தோட்டத்திலிருந்து வாரிக்கொண்டு வந்த குடும்பங்கள். எண்ணுவாரில்லை, டாக்டர் இல்லை, பேசுவதற்கு ஒரு அதிகாரி இல்லை. கொதிக்கவைக்கப் பெரிய பாத்திரம் இல்லை. தாகமெடுத்தால் ஆறு. தகப்பன் செத்தால் தாய், தாய் செத்தால் பிள்ளைகள். வழியோரத்தில் கிடந்தவர்களைப் பற்றி அவ்வழியே போன கைதி டாக்டர்கள் தங்கள் ரகசிய நாட்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும் 'கே', 'எல்' என்று பெயரிட்ட இரண்டு மருத்துவக் குழுக்களைக் கைதிகளிலிருந்தே பிரித்துத் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினார்கள். அவர்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். ஆனால் மருந்து கிடையாது, காலமும் கடந்துவிட்டது.

விழுப்புரம் வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தபோது ஒரு சகோதரி கேட்டார்கள்: "ஐயா, அப்போ செத்தவங்க எல்லாம் ஜெபம் பண்ணலையா?" கூடம் அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஏனென்றால் நாம் சாட்சி சொல்லுகிறபோது பிழைத்தவனை மாத்திரம் மேடையில் ஏற்றுகிறோம். "விசுவாசித்தேன், பிழைத்தேன்" என்கிறான், நாமும் கைதட்டுகிறோம். பக்கத்துப் பாயில் படுத்திருந்து அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தவன் செத்துப்போனானே, அவனை யார் மேடையில் ஏற்றுவது? நான் அந்த அம்மாவுக்குச் சொன்ன பதில் இதுதான்: "ஜெபிச்சிருப்பாங்கம்மா. தெரிஞ்ச தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டிருப்பாங்க. ஆனா காலராக் கிருமி யாருடைய ஜெபத்தையும் விசாரிச்சுப் பார்த்துட்டு வர்றதில்ல. கொதிக்கவச்ச தண்ணி இருந்த முகாமுல சாவு குறைஞ்சது, இல்லாத முகாமுல கூடினது." பிழைத்தவர்களுக்கு விசுவாசம் அதிகம், இறந்தவர்களுக்குக் குறைவு என்று யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஒரு மண்வெட்டியின் கதை

இந்த ரயில் பாதையைப் பற்றி நம் சபைகளில் தெரிந்த ஒரே கதை எர்னெஸ்ட் கார்டனுடையது. ஸ்காட்லாந்து படைப்பிரிவின் அதிகாரி, சுங்காய் முகாமில் கைதி. பிற்பாடு அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆலயத்தின் குருவாயிருந்து 2002-ல் காலமானார். 1962-ல் அவர் எழுதின புத்தகத்தில் சொல்லுகிறார்: ஒரு நாள் வேலை முடிந்து கருவிகளை எண்ணும்போது ஒரு மண்வெட்டி குறைகிறது என்று காவலன் கத்தினான். திருடினவன் முன்னே வராவிட்டால் எல்லாரையும் கொல்லுவேன் என்று துப்பாக்கியைத் தூக்கினான். ஒரு சிப்பாய் முன்னே வந்து நின்றான். அவனை அடித்தே கொன்றுபோட்டார்கள். முகாமுக்குத் திரும்பி மறுபடி எண்ணினால் மண்வெட்டிகள் சரியாயிருந்தன.

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் கேட்டு நாம் அழுதிருக்கிறோம். அழ வேண்டிய கதைதான். ஆனால் அதில் எண்ணிக்கை எப்படி வருகிறது பாருங்கள். மண்வெட்டிக்கு இரண்டு தரம் எண்ணிக்கை உண்டு. ஒரு கருவி குறைந்தால் கொலை விழுகிறது. அதே காட்டில், அதே மாதங்களில், தொழிலாளர் முகாமில் ஒரு ராத்திரியில் எத்தனை பேர் குறைந்தார்கள் என்று காலையில் யாரும் எண்ணவில்லை.

கார்டன் பிழைத்ததும் ஆச்சரியமாய் அல்ல, மிகவும் சாதாரணமாய் நடந்தது. மலேரியா, தொண்டை அடைப்பான், பெரிபெரி, புண் எல்லாம் சேர்ந்து அவர் சாவுக் கொட்டகையில் கிடந்தார். நண்பர்கள் தனியே ஒரு சின்னக் குடிசை கட்டி அங்கே தூக்கிப்போனார்கள். இரண்டு பேர் முறைபோட்டுத் தினமும் புண்ணைக் கழுவினார்கள், செத்துப்போன கால்களை நீவிவிட்டார்கள், சோறு ஊட்டினார்கள். பல வாரங்களுக்குப் பிறகு எழுந்து நடந்தார்.

எரேமியா 38-ல் எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக் தீர்க்கதரிசியைத் துரவிலிருந்து தூக்குகிறான் அல்லவா? கயிறு அக்குளை அறுக்காமலிருக்கக் கிழிந்த பழந்துணிகளைத் தேடி எடுத்துக்கொண்டு போனானே, அந்தக் கரிசனையை நான் எப்போதும் ரசிக்கிறேன். சயாமிலும் அப்படி ஒரு மனுஷன் இருந்தார். பூன்பாங் என்ற காஞ்சனபுரி வியாபாரி. முகாம்களுக்குக் காய்கறி விற்கிறவராய்ப் படகில் போவார். கூடைக்கு அடியில் மருந்தும் பணமும் இருக்கும். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். தமிழ் ஜனங்களில் தப்பி ஓடினவர்கள் சிலருக்கு சயாம் கிராமத்தார் சோறு போட்டு மறைத்து வைத்தார்கள். பாஷை தெரியாது, மதம் வேறு. அப்படிப் பிழைத்தவர்களில் சிலர் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள்.

யுத்தத்துக்குப் பிறகு

1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. அடுத்த மாதமே ஒரு குழு இந்தப் பாதை நெடுக கல்லறை தேடிப் போனது. கைதிகள் தங்கள் மரித்தவர்களின் பெயரையும் இடத்தையும் ரகசியமாய் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலை வைத்து மூன்று வாரத்துக்குள் 144 இடுகாடுகளில் 10,500-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்குக் காஞ்சனபுரிக்குப் போனால் புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாய் இருக்கின்றன. பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. அப்படியே இருக்க வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் குழுவோடு மொழிபெயர்ப்பாளராகப் போனவர் நாகாசே தகாஷி என்ற ஜப்பானியர். காஞ்சனபுரியில் எரிக் லோமாக்ஸ் என்ற கைதியைச் சித்திரவதை செய்தபோது பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தவரும் அவரே. கல்லறைகளைப் பார்த்தபின் அவர் மனம் உடைந்தது. பல தடவை சயாமுக்கு வந்தார். 1993-ல் ஆற்றுப் பாலத்தருகே லோமாக்ஸும் அவரும் சந்தித்தார்கள். ஐம்பது வருஷம் பகைத்தவரை லோமாக்ஸ் மன்னித்தார். கடைசிவரை சிநேகிதர்களாயிருந்தார்கள். அருமையான காரியம். ஆனாலும் ஒன்று தோன்றுகிறது. மன்னிப்புக் கேட்பதற்கும் எதிரே ஒரு பெயர் வேண்டும், ஒரு முகவரி வேண்டும். மலேயா தோட்டத்து விதவையிடம் யார் வந்து கேட்டார்கள்?

பிரிட்டிஷ் கைதிகளுக்கு 1950-களில் ஆளுக்கு 76 பவுன் நஷ்டஈடு கிடைத்தது. அற்பத் தொகைதான். 1967-ல் ஜப்பான் மலேசிய அரசுக்கு 2 கோடியே 50 லட்சம் வெள்ளி நல்லெண்ணமாகக் கொடுக்க ஒப்பந்தமாயிற்று. அது கப்பல்களாக வந்தது. தோட்டத்து ஜனத்தின் கைக்கு அதில் ஒன்றும் வரவில்லை. சம்பளமாய் வாங்கி முடிச்சுப் போட்டு வைத்திருந்த வாழைமர நோட்டுகளோ யுத்தம் முடிந்த அன்றே வெறும் காகிதம். குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி 1957-ல் வந்த உலகப் புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தை இலங்கையில் எடுத்தார்கள். அந்தக் கதையில் தமிழ்த் தொழிலாளர் இந்த இடத்தில் இத்தனை பேர் செத்தார்கள் என்ற பேச்சே இல்லை.

ஒரு விநோதத்தைச் சொல்ல வேண்டும். 1944-ல், யுத்தம் நடக்கும்போதே, ஜப்பானியர் காஞ்சனபுரிப் பாலத்தருகே இறந்தவர்களுக்கென்று ஒரு ஸ்தூபி கட்டினார்கள். அதில் பல பாஷைகளில் கல்வெட்டு உண்டு, தமிழிலும் உண்டு. கொன்றவன் வைத்த கல்லில் நம் எழுத்து இருக்கிறது! 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடைத்தன. 2023-ல் அதே ஊரின் புத்த விகாரை வளாகத்தில் தமிழ்த் தொழிலாளருக்கென்று ஒரு நடுகல் நாட்டப்பட்டது. எண்பது வருஷம் ஆயிற்று. அதில் தனித்தனிப் பெயர்களை வெட்டுவதற்குப் பட்டியல் எங்கே?

மறுபடியும் எஸ்றா 2-க்கு வாருங்கள். 59, 60-ம் வசனங்களைக் கவனித்து வாசியுங்கள். தாங்கள் எந்தப் பிதாவின் வீட்டார் என்று காண்பிக்க முடியாத ஒரு கூட்டம் பாபிலோனிலிருந்து வந்தது. வம்ச அட்டவணை அவர்கள் கையில் இல்லை. எஸ்றா அவர்களை விட்டுவிட்டானா? இல்லை. அவர்களையும் எண்ணி, 652 பேர் என்று எழுதினான். தலைமுறை தெரியாவிட்டாலும் தொகையில் இடம் உண்டு. யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தில் கொத்தடிமைகளின் மருத்துவச்சிகள் சிப்பிராள், பூவாள் இருவருக்கும் பெயர் எழுதியிருக்கிறது. அவர்களை மிரட்டின பார்வோனின் சொந்தப் பெயர் என்னவென்று அங்கே எழுதவே இல்லை. நான் இதை வகுப்பில் சொன்னபோது வாலிபர் சிலர் வேதத்தைத் திறந்து மறுபடி சரிபார்த்தார்கள்.

ஆகவே நம் இரண்டு வகுப்புகளிலும் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ மலேயாவுக்குப் போய்த் திரும்பாதவர்கள், திரும்பி வந்து சயாமைப் பற்றிப் பேசாதவர்கள் யாராவது இருந்தால் பெரியவர்களிடம் விசாரியுங்கள். சபையார் மாத்திரம் அல்ல, எந்த ஜாதி, எந்த மதத்தாரானாலும் சரி. பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பல் ஏறின வருஷம், தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அதுவும். பழைய கடிதம், தந்தி, பாஸ் ஏதாவது பெட்டியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், ஒரு நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். விழுப்புரம் நோட்டில் இதுவரை ஏழு பேர் இருக்கிறார்கள். திண்டிவனத்தில் நாலு பேர். அந்த நாலில் ஒருவருக்குப் பெயர் கிடைக்கவில்லை. "மலேயா போன பெரியப்பா" என்றுதான் அந்த வீட்டில் சொல்லுகிறார்கள். அப்படியே எழுதி, வரிசை எண் 3 என்று போட்டிருக்கிறோம்.